தச்சன் மகனும் தாவீதின் அரியணையும்

உரோமப் பேரரசன் தொமீத்தியன் முன்னிலையில் இரண்டு உழவர்கள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டனர். அவர்கள் கொள்ளையடித்தவர்கள் அல்லர். கொலை செய்தவர்கள் அல்லர். வரி கட்ட மறுத்து வாள் தூக்கியவர்களும் அல்லர். அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம் ஒன்றே ஒன்றுதான்! தாவீது என்ற பழம்பெரும் மன்னனின் வழியிலே பிறந்துவிட்டார்கள். பிறப்பே குற்றம், அதை விசாரிக்க அமர்ந்திருப்பவனோ பேரரசன்!

"தாவீதின் வழியினர்தாமா நீங்கள்?" என்று கேட்டான். "ஆம்" என்றனர். சொத்து எவ்வளவு என்று கேட்டான். இருவருக்குமாகச் சேர்த்து 9,000 தெனாரி மதிப்பு; அதுவும் வெள்ளிப் பணமாக இல்லை, 39 பிளெத்ரம் அளவுள்ள நிலமாக இருக்கிறது; அதை நாங்களே உழுகிறோம், அதிலிருந்தே வரியும் கட்டுகிறோம், வயிறும் வளர்க்கிறோம் என்றனர். சொன்னதோடு நில்லாமல் கைகளை நீட்டிக் காட்டினர். காய்த்துப்போன கைகள்! கலப்பை பிடித்துப் பிடித்துக் கன்றிப்போன கைகள்! கிறிஸ்துவின் அரசு என்கிறீர்களே, அஃது எங்கே வரும், எப்போது வரும் என்று கேட்டான் மன்னன். அது மண்ணுலகத்து அரசு அன்று; காலத்தின் முடிவிலே வருவது என்று விடை கூறினர். தொமீத்தியன் அவர்களை ஏற இறங்கப் பார்த்தான், இவர்களா என் முடிக்குப் போட்டி என்று ஏளனமாக எண்ணினான், போகவிட்டான்.

யார் அந்த உழவர்கள்? இயேசுவின் சகோதரர் என்று குறிக்கப்படும் யூதா என்பவரின் பேரர்கள். இரண்டாம் நூற்றாண்டில் எகெசிப்பு என்பவர் எழுதிவைத்த செய்தி இது. அவருடைய நூல் அழிந்துவிட்டது. நான்காம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியு அதை எடுத்தாண்டதால் நமக்குக் கிடைத்திருக்கிறது. உரையாடல் சொல்லுக்குச் சொல் அப்படியே நடந்திருக்குமா என்று கேட்டால், நடந்தது என்று சத்தியம் செய்ய எவராலும் இயலாது. ஆனால் தொமீத்தியனுக்கு முன் வெஸ்பாசியனும், பின்னே திராயானும் தாவீதின் வழியினரைத் தேடச் செய்தனர் என்றும், திராயான் காலத்தில் எருசலேம் சபையின் முதியவர் சிமியோன் அந்தப் பிறப்பின் பேராலும் குற்றம் சாட்டப்பட்டுச் சிலுவையில் மாண்டார் என்றும் அதே ஏடு கூறுகிறது. தாவீதின் குருதி என்றால் உரோமுக்குக் கலகம் என்று பொருள்! இதை மனத்தில் நிறுத்திக்கொண்டு மத்தேயுவின் ஏட்டைத் திறக்க வேண்டும்.

திறந்தால் என்ன காண்கிறோம்? பெயர்கள், பெயர்கள், பெயர்கள்! இன்னான் இன்னானைப் பெற்றான், அவன் இன்னானைப் பெற்றான் என்று நீண்டு செல்லும் ஒரு கொடிவழி. 1715-இல் தரங்கம்பாடியில் தமிழில் அச்சேறி முடிந்த புதிய ஏற்பாட்டிலும் இந்தப் பட்டியலே முன்வாயிலில் நின்றது. படிப்போரில் பெரும்பாலோர் அதைத் தாண்டிக் குதித்து, விண்மீனையும் கீழ்த்திசை அறிஞரையும் தேடிப் போய்விடுகின்றனர். கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் வாயிற் கோலத்தை மிதித்துக்கொண்டு உள்ளே ஓடுவதைப் போல! கோலம் போட்டவர் வேலையில்லாமல் போடவில்லை. அதிலே ஒரு கருத்து இருக்கிறது. அந்தக் கருத்து அரச மரபைப் பற்றியது.

தாவீது ஏறத்தாழ கி.மு. 1000-ஐ ஒட்டி ஆண்டவன். பிறவியிலே மன்னன் அல்லன், பெத்லெகேம் ஊரில் ஈசாய் என்பவனின் கடைக்குட்டி, ஆடு மேய்த்தவன். அவனுக்கு முன்பே, எங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று மக்கள் சாமுவேல் தீர்க்கதரிசியிடம் வந்து நின்றபோது, அவர் மகிழவில்லை. உங்கள் பிள்ளைகளைப் படைக்குப் பிடிப்பான், பெண்களை அடுக்களைக்குப் பிடிப்பான், வயலைப் பறிப்பான், விளைச்சலில் பத்திலொன்று கேட்பான், கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமையாவீர்கள் என்று எச்சரித்தார். மக்கள் கேட்கவில்லை. அரசு வந்தது. பின்னர் தாவீதின் காலத்தில் நாத்தான் என்ற தீர்க்கதரிசி வேறொரு வாக்குச் சொன்னார்: உன் வீடும் உன் அரியணையும் என்றென்றும் நிலைக்கும் என்று. இந்த ஒரு வாக்கின் மீதுதான் பின்னே எழுந்த நம்பிக்கை முழுதும் நிற்கிறது. 1993-இல் வட இசுரேலின் தேல் தான் என்னுமிடத்தில் அரமேய மொழிக் கல்வெட்டின் துண்டு ஒன்று அகப்பட்டது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பகை மன்னன் ஒருவன் தன் வெற்றியைப் பாடிக்கொண்ட கல். அதிலே யூதாவின் அரச குடியைக் குறிக்கத் "தாவீதின் வீடு" என்ற தொடர் வருகிறது என்று பெரும்பாலான ஆய்வாளர் படித்திருக்கின்றனர். புராணப் பேச்சு மட்டுமன்று. அப்படியொரு மரபு இருந்தது.

இருந்தது, வீழ்ந்தது. கி.மு. 587-ஐ ஒட்டி எருசலேம் பாபிலோனியர் கையில் எரிந்தது. தாவீதின் வழியினர் அதன்பின் ஒருநாளும் மணிமுடி தரிக்கவில்லை. என்றென்றும் என்ற வாக்கு என்ன ஆயிற்று? அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் "தாவீதின் மகன்" என்ற எதிர்பார்ப்பு வளர்ந்தது. நாட்டை மீட்க ஒருவன் வருவான்; அவன் அந்தக் குருதியில் வருவான்.

வெளியே பார்த்தால் உலகமே குருதிப் பெருமை பேசிக்கொண்டிருந்த காலம் அது. யூலியஸ் சீசர் தன் குடியை வீனஸ் தெய்வத்தின் வழி என்று பறைசாற்றினான். அவனுடைய வாரிசு அகஸ்டஸ், கி.மு. 2-இல் உரோமில் திறந்து வைத்த தன் மன்றத்திலே ஒருபுறம் ஈனியாஸ் தொடங்கித் தன் முன்னோரின் சிலைகளை வரிசையாக நிறுத்தினான். பளிங்கிலே செதுக்கிய கொடிவழி! எருசலேமிலோ ஏரோது ஆண்டான். இதுமேயக் குடியில் பிறந்தவன், கி.மு. 40-இல் உரோமச் செனட் அவனுக்கு "யூதர் மன்னன்" என்று பட்டம் கட்டியது. மூன்றாண்டு கழித்து வாளால் அந்நகரைப் பிடித்தான். அவனுடைய அவைப் புலவன் தமஸ்கு நகரத்து நிக்கொலாவு, ஏரோதின் தந்தை பாபிலோனிலிருந்து திரும்பிய யூத மேற்குடியைச் சேர்ந்தவன் என்று எழுதிவைத்தான். மன்னனை மகிழ்விக்கச் சொன்ன பொய் அது என்று வரலாற்றாசிரியர் யோசேப்பு முகத்திலடித்தாற்போல் கூறிவிட்டார். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூலியு ஆப்பிரிக்கானு இன்னும் ஒரு படி மேலே போய், தன் தாழ்ந்த பிறப்பு வெளிப்படாதிருக்க ஏரோது யூதரின் கொடிவழி ஏடுகளையே கொளுத்திவிட்டான் என்றார். இதை இன்றைய ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். ஆயினும், பட்டம் பெற்றவனுக்கும் பாட்டன் பெயர் தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை.

இந்தச் சூழலில், கி.பி. 80-க்கும் 90-க்கும் இடையில் என்று பெரும்பாலோர் கணிக்கும் காலத்தில், மத்தேயுவின் ஏடு எழுந்தது. நாசரேத்துத் தச்சன் வீட்டில் வளர்ந்து, உரோமச் சிலுவையில் மாண்ட ஒருவரை, "தாவீதின் மகன், ஆபிரகாமின் மகன்" என்று தொடக்கத்திலேயே அது அறிமுகம் செய்தது. துணிவு! மேலோட்டமாகப் பார்த்தால், அவரும் உலகத்தாரைப் போலவே பழைய முடியை எடுத்துப் புதிய தலைக்குச் சூட்டியதாகத் தோன்றும். உள்ளே நுழைந்து பார்த்தால் வேறு கதை.

முதலில் கணக்கு. ஆபிரகாம் முதல் தாவீது வரை 14 தலைமுறை. தாவீது முதல் பாபிலோன் சிறைவாசம் வரை 14. அங்கிருந்து கிறிஸ்து வரை 14 என்று ஆசிரியரே கூட்டிச் சொல்கிறார். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு, தாவீது என்ற பெயரின் மூன்றெழுத்து 4, 6, 4, கூட்டினால் 14. மன்னன் பெயரையே முரசாக்கி மூன்று முறை கொட்டுகிறார் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். முரசு சரியாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகச் சிலரை வெளியே தள்ளவும் தயங்கவில்லை. யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று மன்னர்கள் காணாமற் போயினர்! யோசியாவுக்கும் எகொனியாவுக்கும் நடுவே யோயாக்கீமும் இல்லை. முடிசூடி நாடாண்டவர்களை ஒரு மை துளியும் செலவழிக்காமல் ஒதுக்கிவிட்டார். மூன்றாம் அடுக்கை எண்ணிப் பார்த்தால் 13 பெயர்தான் வருகிறது. அந்தக் குறையை அடைக்க நூற்றாண்டுதோறும் உரையாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. நாம் அந்தச் சிக்கலுக்குள் புகவேண்டியதில்லை. மன்னர்களை நீக்கினார் என்பதைக் குறித்துக்கொள்வோம். யாரைச் சேர்த்தார் என்பது அதைவிடப் பெரிது.

நான்கு பெண்களைச் சேர்த்தார்.

தந்தைவழி எழுதும் பட்டியலுக்குத் தாயின் பெயர் தேவையில்லை. தேவையென்றே வைத்துக்கொண்டாலும் ஆபிரகாமின் மனைவி சாராள் இருக்கிறாள், ரெபெக்காள் இருக்கிறாள், ராகேல், லேயாள் இருக்கின்றனர். குலமே கைகூப்பும் தாய்மார்! அவர்களில் ஒருத்தியையும் ஆசிரியர் அழைக்கவில்லை. அழைத்தவர் யார்?

தாமார். யூதாவின் மருமகள். கணவன் இறந்தான், கொழுந்தனுக்குக் கொடுத்தனர், அவனும் இறந்தான். மூன்றாம் மகன் வளரட்டும் என்று சொல்லித் தாய்வீட்டுக்கு அனுப்பிய மாமன், அவன் வளர்ந்த பின்னும் வாக்கைக் காக்கவில்லை. கைம்பெண்ணாகவும் இல்லை, மனைவியாகவும் இல்லை, காத்துக் கிடந்தாள். பிறகு முக்காடிட்டு வழியோரம் உட்கார்ந்தாள். விலைமகள் என்று எண்ணி அவளை நெருங்கியவன் மாமன் யூதாவே! முத்திரை மோதிரமும் கைத்தடியும் அடகாக வைத்துவிட்டுப் போனான். அவள் கருவுற்ற செய்தி எட்டியதும், "கொண்டுவந்து எரித்துவிடுங்கள்" என்று தீர்ப்பளித்தவனும் அவனே. அவள் அடகுப் பொருளை எடுத்து அனுப்பினாள். பார்த்தவன் வாயடைத்துப்போனான், என்னைவிட அவள்தான் நீதியுள்ளவள் என்று ஒப்புக்கொண்டான். அவள் வயிற்றில் பிறந்த பாரேசின் வழியில்தான் தாவீது வந்தான்.

ராகாப். எரிகோ நகரத்து விலைமகள்; வேற்றினத்தாள்; மதில் மேல் வீடு கட்டி வாழ்ந்தவள். அவளைத் தாவீதின் முன்னோனாகிய போவாசின் தாய் என்று கூறுவது விவிலியத்தில் மத்தேயு ஒருவரே. வேறெங்கும் இல்லாத செய்தியைத் தேடி எடுத்து வைத்தார் என்றால், அதில் அவருக்கு எவ்வளவு அக்கறை இருந்திருக்க வேண்டும்!

ரூத். மோவாபியப் பெண். மோவாபியன் பத்தாம் தலைமுறையானாலும் கடவுளின் சபைக்குள் நுழையலாகாது என்று உபாகமம் தடை விதித்திருந்தது. சிறைவாசத்துக்குப்பின் எஸ்றா, வேற்றினத்து மனைவியரை வெளியேற்றச் செய்தார். கொடிவழி ஏட்டில் தம் பெயரைக் காட்ட இயலாத குருக்கள்மார் தீட்டானவர் என்று பணியிலிருந்து நீக்கப்பட்டனர். ஏட்டிலே பெயர் இருந்தால் குரு; இல்லையேல் புறத்தான்! அத்தகைய ஏட்டின் நடுமார்பிலே ஒரு மோவாபியப் பெண்ணின் பெயரை எழுதுகிறார் மத்தேயு. பிறர் வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்த அந்த அயல்நாட்டு விதவைதான் தாவீதின் கொள்ளுப்பாட்டி. பத்தாம் தலைமுறை எங்கே! மூன்றாம் தலைமுறையிலே அவள் குருதிக்கு மணிமுடியே கிடைத்துவிட்டது.

நான்காமவளுக்குப் பெயரே சொல்லவில்லை. தாவீது, உரியாவின் மனைவியிடத்தில் சாலொமோனைப் பெற்றான் என்கிறார். பத்சேபாள் என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை. உரியாவின் மனைவி! படிப்பவன் நெஞ்சிலே முள்ளாகத் தைக்க வேண்டிய சொல் அது. உரியா ஏத்தியன், தாவீதின் படைவீரன். அவன் போர்க்களத்தில் இருந்தபோது அவன் மனைவியை மன்னன் அழைப்பித்தான். அவள் கருவுற்றதும் உரியாவை வரவழைத்து வீட்டுக்குப் போகச் சொன்னான். தோழர்கள் வெட்டவெளியில் கிடக்க நான் மட்டும் வீட்டுக்குப் போவேனா என்று அவன் அரண்மனை வாயிலிலேயே படுத்துக்கொண்டான். மன்னன் ஒரு மடல் எழுதினான்: இவனைப் போர் மும்முரமாக நடக்கும் முனையில் நிறுத்திப் பின்வாங்கிவிடு என்று. அந்த மடலைப் படைத்தலைவனிடம் சுமந்து சென்றவன் உரியாவே! தன் சாவோலையைத் தானே எடுத்துச் சென்றான். பழைய ஏற்பாட்டின் நாளாகமம் இந்தக் கதையை விட்டுவிட்டுத் தாவீதைத் துலக்கிக் காட்டியது. மத்தேயு ஒரே சொல்லில் அதை மீட்டெடுத்தார். கொடிவழியின் உச்சியில், மன்னன் தாவீது என்று முடிசூட்டி எழுதிய அதே மூச்சில், கொல்லப்பட்ட வீரனின் பெயரையும் எழுதினார்.

இந்தப் பெண்களைப் பாவிகள் என்றும், பாவிகளை மீட்க வந்தவர் என்பதைக் காட்டவே இவர்கள் பெயர் வந்தது என்றும் நான்காம் நூற்றாண்டு எரோனிமு உரை எழுதினார். அறிஞர்தாம், ஆனால் இவ்விடத்தில் அவர் பார்வை ஒருபுறமே சாய்ந்தது என்பேன். தாமாரை நீதியுள்ளவள் என்று மூலமே கூறுகிறது. ரூத்தின்மீது சொல்ல ஒரு மாசும் இல்லை. பத்சேபாளை அழைத்துவரச் செய்தவன் மன்னன். பாவி யார் என்று பட்டியலில் தேட வேண்டுமானால், ஆண்கள் வரிசையிலே தாராளமாகக் கிடைப்பார்களே! தந்தை சாட்டையால் அடித்தான், நான் தேளால் கொட்டுவேன் என்னும்படி பேசி நாட்டை இரண்டாக உடைத்த ரெகொபெயாம் அதிலே இருக்கிறான். 55 ஆண்டு ஆண்டு, பெற்ற மகனைத் தீயில் நடத்தி, குற்றமற்றோர் குருதியால் எருசலேமை நிரப்பினான் என்று ஏடு கூறும் மனாசே இருக்கிறான். அரச மரபு என்று பெருமை பேசுவோர் எந்தத் தூணைத் தொட்டாலும் கையில் கறை ஒட்டும்.

அடுத்து நிற்பவன் எகொனியா. யோயாக்கீன் என்றும் பெயர். மரபே அவனிடத்தில் முறிகிறது. கி.மு. 597-இல் நெபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தபோது, அரியணையில் மூன்றே மாதம் அமர்ந்திருந்த இந்த இளைஞனைப் பாபிலோனுக்குக் கொண்டுசென்றான். என் வலக்கை முத்திரை மோதிரமாகவே இவன் இருந்தாலும் கழற்றி எறிவேன். இவனைப் பிள்ளையற்றவன் என்று எழுதிவையுங்கள். இவன் வித்தில் ஒருவனும் தாவீதின் அரியணையில் அமரமாட்டான் என்று கடவுள் கூறுவதாக எரேமியா முழங்கினார். பாபிலோன் நகரை அகழ்ந்தபோது கிடைத்து, 1939-இல் வெளியிடப்பட்ட களிமண் ஏடுகள் சில உண்டு. அரண்மனைக் களஞ்சியத்தின் படியளப்புக் கணக்கு. கி.மு. 592-ஐச் சேர்ந்த ஒன்றிலே, யூதா நாட்டு மன்னன் யாவுக்கினுக்கும் அவனுடைய ஐந்து மைந்தருக்கும் இவ்வளவு எண்ணெய் என்று எழுதியிருக்கிறது. தாவீதின் வழியில் வந்த மன்னன் பகைவன் களஞ்சியத்தில் எண்ணெய்க்குக் கை நீட்டி நின்ற காட்சி! பிள்ளையற்றவன் என்று எழுதச் சொன்னார் தீர்க்கதரிசி. ஐந்து பிள்ளை என்று எழுதிவைத்தான் கணக்கன். பிள்ளைகள் இருந்தனர், அரியணைதான் இல்லை.

அவன் பேரன் செருபாபேல் பாரசீகர் காலத்தில் யூதேயாவின் ஆளுநனாகத் திரும்பி வந்தான். உன்னை என் முத்திரை மோதிரமாக்குவேன் என்று கி.மு. 520-இல் ஆகாய் தீர்க்கதரிசி அவனுக்கு வாழ்த்துரைத்தார். கழற்றி எறிந்த மோதிரம் மீண்டும் விரலுக்கு வருவதாக நம்பிக்கை பிறந்தது. வரவில்லை. செருபாபேலின் கடைசி நாட்கள் என்னவாயின என்று ஏடு ஒன்றும் பேசவில்லை. அவனுக்குப் பின் மத்தேயு எழுதும் ஒன்பது பெயர்கள், அபியூத் முதல் யாக்கோபு வரை, பழைய ஏற்பாட்டில் எங்கும் இக்கொடியில் காணப்படாதவை. ஒருவனும் போர் வென்றதாக இல்லை. கோவில் கட்டியதாக இல்லை. உழுதிருப்பார்கள், மரம் அறுத்திருப்பார்கள், வரி கட்டியிருப்பார்கள். அரண்மனையில் தொடங்கிய கொடி குடிசைக்குள் நுழைந்து, பெயர் தெரியாத மக்களோடு மக்களாகப் படர்ந்தது. தொமீத்தியன் பார்த்த காய்த்த கைகள் அந்தக் கொடியின் பூக்கள்தாம்.

கடைசி வரியில்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய வியப்பு. "பெற்றான், பெற்றான்" என்று 39 முறை ஒரே வினை வருகிறது. யோசேப்பிடம் வந்ததும் நின்றுவிடுகிறது. யோசேப்பு இயேசுவைப் பெற்றான் என்று எழுத வேண்டிய இடத்தில், மரியாளின் கணவனாகிய யோசேப்பு என்றும், அவளிடத்தில் இயேசு பிறந்தார் என்றும் வாக்கியம் திரும்பிவிடுகிறது. அப்படியானால் இத்தனை பாட்டன்மாரும் எதற்காக? தாவீதிலிருந்து தச்சன் வரை இழுத்துக்கொண்டுவந்த கயிற்றைக் கடைசி முழத்தில் ஆசிரியரே அறுத்துவிட்டாரே! நம்பிக்கையற்றோர் அன்றே இதைச் சுட்டி நகைத்திருப்பர். இன்றும் நகைப்போர் உண்டு. கன்னிப் பிறப்பை ஏற்போரும் மறுப்போரும் இதை வைத்து மோதிக்கொண்டனர்.

அந்த மோதலில் கருத்து தப்பிவிடுகிறது. அறுந்த இடத்தை ஆசிரியர் மறைக்கவில்லை. அடுத்த பத்தியிலேயே முடிச்சுப் போடுகிறார். கனவில் வரும் தேவதூதன் யோசேப்பை எப்படி விளிக்கிறான்? "தாவீதின் மகனே" என்று! மரியாளைச் சேர்த்துக்கொள், பிள்ளைக்கு நீ பெயரிடு என்கிறான். யோசேப்பு பெயரிட்டான். பெயரிட்டவன் தந்தை, அவன் ஏற்றுக்கொண்ட பிள்ளை அவன் வழியினன். தாவீதின் உரிமை இயேசுவுக்குக் குருதியில் வந்ததாக மத்தேயு கூறவில்லை. ஓர் எளிய மனிதன் ஊர்ப்பழிக்கு அஞ்சாமல் ஒரு பெண்ணையும் பிள்ளையையும் தன்னவர் என்று ஏற்றதால் வந்தது என்கிறார். அந்நாளில் உலகை ஆண்ட அகஸ்டஸும் சீசருக்குப் பிறந்த மகன் அல்லன். சீசரின் இறுதி ஆவணத்தால் தத்து மகனானவன். உரோமர்க்கு இந்த முறை விளங்காத ஒன்றன்று. ஆனால் அங்கே தத்து கொடுத்தது படையும் பொன்னும் சீசரின் பெயரும். இங்கே தத்து கொடுத்தவனிடம் இருந்தது உளியும் இழைப்புளியும்.

லூக்காவும் ஒரு கொடிவழி தருகிறார். அது கீழிருந்து மேலே ஏறுகிறது. ஆபிரகாமோடு நில்லாமல் ஆதாம் வரை சென்று கடவுளைத் தொடுகிறது. வியப்பு என்னவென்றால், அது சாலொமோனையும் அவன் வழி வந்த மன்னர்களையும் தொடவேயில்லை. தாவீதின் மற்றொரு மகன், முடிசூடாத நாத்தான் வழியாகச் செல்கிறது. யோசேப்பின் தந்தை பெயரே மாறுகிறது: மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. ஆப்பிரிக்கானு இதற்கு ஒரு வழி கண்டார்: இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஏலி பிள்ளையின்றி இறக்க, யாக்கோபு அவன் மனைவியை மணந்து பெற்ற மகன் யோசேப்பு, குருதியால் யாக்கோபின் மகன், சட்டத்தால் ஏலியின் மகன் என்று. திறமையான விளக்கம். மெய்யா என்பது வேறு. இரண்டு பட்டியலையும் பொருத்த முயன்று தோற்றவர் தொகை பெரிது. முடிவற்ற கொடிவழிகளைப் பிடித்துக்கொண்டு அலையாதீர் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் மடல் எச்சரிப்பதைப் பார்த்தால், இந்த நோய் தொடக்கத்திலேயே பரவியிருக்க வேண்டும்.

இயேசுவே இதைப் பற்றி என்ன நினைத்தார்? மாற்கு ஏட்டின் 12-ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. எருசலேம் கோவிலில் நின்று அவர் கேட்கிறார்: மேசியா தாவீதின் மகன் என்று வேதபாரகர் சொல்கிறார்களே, தாவீதே அவரைத் தன் ஆண்டவர் என்று அழைத்திருக்க, அவர் எப்படி அவனுக்கு மகனாவார்? கேள்வி மட்டும் உண்டு, விடை இல்லை. திரண்டிருந்த மக்கள் மகிழ்ச்சியோடு கேட்டனர் என்று ஏடு முடிக்கிறது. தெருவோரக் குருடன் "தாவீதின் மகனே" என்று கதறியபோது அவர் நின்று கண் கொடுத்தார். படித்தவர்கள் அதே பட்டத்தை இலக்கணமாக்கியபோது கேள்வி போட்டு உடைத்தார்.

இத்தனையும் ஏட்டில் இருக்க, பிற்காலத்து மன்னர்கள் அதிலே கண்டதெல்லாம் மணிமுடிதான்! பிரெஞ்சு மன்னர்களைப் புதைக்கும் சான் தெனி மடத்துக் கோவிலில், 1144-ஐ ஒட்டி மடத்தலைவர் சுகேர் ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் அமைத்தார். படுத்திருக்கும் ஈசாயின் உடலிலிருந்து மரம் முளைக்கிறது, கிளைக்குக் கிளை முடிதரித்த மன்னர், உச்சியில் கிறிஸ்து. அழகான சாளரம். அதிலே தாமாருக்கு இடமில்லை. உரியாவின் மனைவிக்கும் இடமில்லை. எத்தியோப்பியாவில் 1270-இல் அரசைக் கைப்பற்றிய யெகுனோ அம்லாக்கின் வழியினர், தாங்கள் சாலொமோனுக்கும் சேபா நாட்டு அரசிக்கும் பிறந்த மெனெலிக்கின் வழி என்றனர். 1955-இல் ஹெய்லி செலாசி தந்த அரசியல் சட்டத்திலேயே அந்தக் கொடிவழி ஏறியது. இடையறாத வழி என்று சட்டம் அடித்துச் சொன்னது. 1974 செப்டம்பரில் படைவீரர்கள் வந்து அந்த முதிய மன்னனைச் சிறிய கார் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போயினர்.

பாரிசில் நடந்தது இன்னும் விந்தை. நோத்ர் தாம் பேராலயத்தின் முகப்பிலே, வாயில்களுக்கு மேலாக, 28 கல் மன்னர்கள் வரிசையாக நின்றனர். யூதாவின் மன்னர்கள், இயேசுவின் மூதாதையர் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிற்பிகள் செதுக்கியவர்கள். ஐந்து நூற்றாண்டு கழிந்ததும், அண்ணாந்து பார்த்த மக்களுக்கு அவர்கள் தங்கள் சொந்த மன்னர்களாகவே தெரிந்தனர். அப்படித் தெரிய வேண்டும் என்றுதானே அரண்மனையும் விரும்பியது! 1793-இல் பதினாறாம் லூயியின் தலை விழுந்தது. அதே ஆண்டில் இந்தக் கல் மன்னர்களையும் இறக்கித் தலை துணித்தனர். சாலொமோனும் ரெகொபெயாமும் மனாசேயும் பூர்போன் குடியின் பாவத்துக்காகத் தண்டனை பெற்றனர்.

துண்டான தலைகள் எங்கே போயின என்று ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு எவரும் அறியார். 1977-இல் பாரிசில் ஒரு வங்கிக் கட்டடத்தில் வேலை நடந்தபோது, தரைக்கு அடியில் கற்குவியல் ஒன்று தென்பட்டது. தோண்டி எடுத்தனர், 21 தலைகள் கிடைத்தன. இப்போது அவை அந்நகரத்துக் குளூனி அருங்காட்சியகத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மூக்கு இல்லை. சில கன்னங்களில் மட்டும் பழைய வண்ணத்தின் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.